ஒரே சூட்டில் நூறு கோடி நகல்: சமவெப்பநிலைப் பெருக்கம் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆய்வகத் தொழில்நுட்பம் படிக்கும் மாணவர்கள், பரிசோதனைக்கூடங்களில் வேலை பார்ப்பவர்கள், ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு குழம்பி நிற்பவர்கள் ஆகியோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. சில பதில்கள் நீளமாக இருக்கும். சில கேள்விகளுக்கு ஒரு வரியே போதும்.

சமவெப்பநிலைப் பெருக்கம் என்றால் என்ன?

ஒரு துளி சளியில் காசநோய்க் கிருமி நூறு இருக்கலாம், பத்தே பத்தும் இருக்கலாம். அவற்றின் டி.என்.ஏ.வை நேரடியாகக் காண எந்தச் சாயத்தாலும் முடியாது. ஆகவே அந்தக் கிருமிக்கு மட்டுமே உரிய ஒரு சிறு துண்டைத் தேர்ந்து, கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு நகல் எடுத்துக் குவிக்கிறோம். இதுதான் பெருக்கம். தொடக்கம் முதல் முடிவு வரை வெப்பநிலையை மாற்றாமல் இதைச் செய்தால் அது சமவெப்பநிலைப் பெருக்கம். முறைக்கு ஏற்ப அந்த வெப்பநிலை 37 டிகிரி செல்சியஸாக இருக்கலாம், 65 ஆகவும் இருக்கலாம்.

பி.சி.ஆர். இருக்கும்போது இன்னொரு முறை எதற்கு?

டி.என்.ஏ. என்பது இரண்டு புரிகளை முறுக்கிய கயிறு. நகல் எடுக்க வேண்டுமானால் முதலில் புரிகளைப் பிரித்தாக வேண்டும். 1983இல் கேரி முல்லிஸ் யோசித்த பி.சி.ஆர். முறை இதற்கு வெப்பத்தை நம்புகிறது. 95 டிகிரிக்குச் சூடாக்கினால் புரிகள் பிரியும். 55 அல்லது 60க்கு இறக்கினால் பிரைமர் எனப்படும் சிறு துண்டுகள் தமக்குரிய இடத்தில் போய் ஒட்டும். 72க்கு ஏற்றினால் பாலிமரேஸ் நொதி புதிய இழையை எழுதும். இது ஒரு சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் நகல் இரட்டிப்பாகும் என்று வைத்துக்கொண்டால், 30 சுற்றில் ஒன்று 107 கோடி ஆகும்.

கணக்கு அழகானதுதான். ஆனால் நொடிக்கு நொடி சூட்டை ஏற்றி இறக்கும் இயந்திரம் வேண்டும், அதற்குத் தடையில்லாத மின்சாரம் வேண்டும், பழுது பார்க்க ஆள் வேண்டும். மாவட்டத் தலைநகரில் இதெல்லாம் கிடைக்கும். மலைக்கிராமத்தின் ஆரம்ப சுகாதார நிலையத்தில் எளிதில் கிடைக்காது.

நம் உடலின் செல்கள் தினமும் டி.என்.ஏ.வை நகல் எடுக்கின்றன, அதற்காக எதுவும் 95 டிகிரிக்குக் கொதிப்பதில்லை. அப்படியானால் சூடு இல்லாமல் புரிகளைப் பிரிப்பது யார்? இந்தப் பக்கத்தில் வரும் எல்லா முறைகளும் இந்த ஒரே கேள்விக்குச் சொல்லப்பட்ட வெவ்வேறு பதில்கள்தான்.

சரி, சூடாக்காமல் புரிகள் எப்படிப் பிரிகின்றன?

செல் செய்வதை அப்படியே செய்வது முதல் வழி. செல்லுக்குள் ஹெலிகேஸ் என்ற நொதி கயிற்றை முறுக்கவிழ்த்துக்கொண்டே போகும். 2004இல் நியூ இங்கிலாந்து பயோலேப்ஸ் ஆய்வாளர்கள் அதே நொதியை டியூப்புக்குள் போட்டுப் பெருக்கிக் காட்டினார்கள். ஹெலிகேஸ் சார்ந்த பெருக்கம் என்பது அதன் பெயர். கேட்கும்போது இதுதான் மிக நேரான வழியாகத் தோன்றும். ஆனால் பின்னால் வந்தவை இதைவிட அதிகம் புழக்கத்துக்கு வந்துவிட்டன.

ஆர்.பி.ஏ. முறை 2006இல் வெளியானது. இதில் ரீகாம்பினேஸ் என்ற புரதம் பிரைமரின் மேல் போர்வை போலப் படிந்துகொள்கிறது. பிறகு டி.என்.ஏ. கயிற்றின் நெடுகிலும் தேடி, எழுத்து (டி.என்.ஏ.வின் அடிப்படை அலகு) பொருந்தும் இடம் வந்ததும் பிரைமரை இரு புரிகளுக்கும் நடுவே செருகிவிடுகிறது. விலகிய புரி மீண்டும் வந்து ஒட்டிக்கொள்ளாதபடி இன்னொரு புரதம் அதைப் பிடித்துக்கொள்கிறது. பாலிமரேஸ் எழுதத் தொடங்குகிறது. 37 முதல் 42 டிகிரியில், சுமார் 20 நிமிடத்தில் வேலை முடியும். நம் உடம்புச் சூடே இதற்குப் போதும். டியூப்பை அக்குளில் வைத்துக்கொண்டே இதை நடத்திக் காட்டிய ஆய்வு 2014இல் வந்தது.

மூன்றாவது வழி, கீறிவிட்டு உரிப்பது. ஒரு வெட்டு நொதி இரண்டு புரிகளில் ஒன்றை மட்டும் கீறும். அந்தக் கீறலில் பாலிமரேஸ் நுழைந்து, முன்னால் ஒட்டிக் கிடக்கும் பழைய இழையை வாழைநாரை உரிப்பது போல உரித்துத் தள்ளிக்கொண்டே புதிய இழையை எழுதும். எழுதி முடித்த இடம் மறுபடியும் கீறப்படும், மறுபடியும் உரிக்கப்படும். 1992இல் வந்த எஸ்.டி.ஏ.வும், அதன் வேகமான வாரிசான நியர் முறையும் இப்படித்தான் இயங்குகின்றன.

நான்காவது வழியில் பிரிக்க வேண்டிய அவசியமே இல்லை, பழைய புரியை அழித்துவிடுகிறார்கள். 1991இல் வெளியான நாஸ்பா முறை ஆர்.என்.ஏ.வுக்கானது. ஆர்.என்.ஏ. பொதுவாக ஒற்றைப் புரி. அதைப் பார்த்து டி.என்.ஏ. இழை ஒன்றை எழுதியதும், ஆர்.என்.ஏஸ் ஹெச் என்ற நொதி பழைய ஆர்.என்.ஏ.வைத் தின்றுவிடுகிறது. தனித்து நிற்கும் டி.என்.ஏ. இழைக்கு இரண்டாவது பிரைமர் ஜோடி இழையை எழுதித் தருகிறது. முதல் பிரைமரின் வாலில் டி7 என்ற தொடக்கக் குறி முன்கூட்டியே பொருத்தப்பட்டிருக்கிறது. டி7 பாலிமரேஸ் அதைக் கண்டதும் அச்சகம் போல ஆர்.என்.ஏ. நகல்களை அடித்துத் தள்ளுகிறது. ஒவ்வொரு நகலும் அடுத்த சுற்றுக்கு மூலம். எல்லாம் 41 டிகிரியில் நடக்கும்.

ஐந்தாவது லேம்ப், அதாவது வளையம் வழிப் பெருக்கம். அதற்குத் தனிக் கேள்வியே வேண்டும்.

லேம்ப் முறையில் பிரைமர்கள் ஏன் இத்தனை?

2000ஆம் ஆண்டில் ஜப்பானின் ஐகென் கெமிக்கல் நிறுவனத்தைச் சேர்ந்த நொடோமி குழுவினர் வெளியிட்ட முறை இது. சில நகல்களை ஒரு மணி நேரத்துக்குள் நூறு கோடியாகப் பெருக்கும் என்று அவர்கள் எழுதினார்கள். பி.சி.ஆருக்கு இரண்டு பிரைமர்கள் போதும், லேம்ப்புக்குக் குறைந்தது நான்கு வேண்டும். அந்த நான்கும் சேர்ந்து மூலத்தில் ஆறு இடங்களை அடையாளம் காண்கின்றன. 2002இல் வளையப் பிரைமர்கள் இரண்டைச் சேர்த்து வேகத்தைக் கூட்டினார்கள். அப்போது பிரைமர்கள் ஆறு, இடங்கள் எட்டு.

உள் பிரைமரின் வால்தான் இதன் சூட்சுமம். தலைப்பகுதி மூலத்தில் ஒட்டி இழையை எழுதத் தொடங்கும். வால்பகுதியோ, இனி எழுதப்படப்போகும் இழையின் ஓர் இடத்துக்கே ஜோடியாக வடிவமைக்கப்பட்டிருக்கும். இழை எழுதப்பட்டதும், வெளிப் பிரைமர் பின்னாலிருந்து வந்து அதை உரித்துத் தள்ளும். தள்ளப்பட்ட இழையின் நுனி தன்மீதே மடிந்து ஒட்டிக்கொள்ளும், ஊசியின் காது போல ஒரு வளையம் உண்டாகும். மறுமுனையிலும் இதே நடக்கும். இரு முனையிலும் வளையம் கொண்ட இந்த வடிவம் உருவாகிவிட்டால், பிறகு கயிற்றைப் பிரிக்க வேண்டிய கவலை இல்லை. வளையத்தில் புரி எப்போதும் ஒற்றையாகவே இருப்பதால், அடுத்த பிரைமர் வந்து உட்கார இடம் எந்நேரமும் காலியாகவே கிடக்கும். மடிந்த நுனி தானே தனக்குப் பிரைமராகவும் வேலை செய்யும். இழை நீண்டு, மடிந்து, கிளைத்து, காலிபிளவர் போலப் பெருத்துக்கொண்டே போகும். அதனால்தான் நகல்களை நீளவாரியாகப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் ஓட்டினால் பி.சி.ஆர். போல ஒற்றைக் கோடு தெரியாமல் ஏணிப்படி தெரிகிறது. அதைப் பார்த்துப் பதறி, பிரைமர் தவறு என்று தூக்கி எறிந்த மாணவர்கள் உண்டு. ஏணி தெரிந்தால் நல்ல அறிகுறி.

மிச்சம் ஒரு சந்தேகம் வரும்: முதல் பிரைமர் முதன்முதலாக இரட்டைப் புரிக்குள் எப்படி நுழைகிறது? 60 முதல் 65 டிகிரியில் டி.என்.ஏ. முழுதாகப் பிரியாவிட்டாலும், அங்கங்கே மூச்சு விடுவது போலத் திறந்து மூடிக்கொண்டிருக்கும். அந்த இடைவெளி பிரைமருக்குப் போதும். எழுதும் நொதி பிஎஸ்டி பாலிமரேஸ். வெப்பம் விரும்பும் பாக்டீரியா ஒன்றிலிருந்து வந்தது, உரித்துத் தள்ளுவதில் கெட்டிக்காரன். ஆனால் 95 டிகிரியில் செத்துப்போகும், ஆகவே பி.சி.ஆருக்கு உதவாது.

வட்டமான டி.என்.ஏ.வுக்குத் தனி முறை உண்டாமே?

உண்டு. செக்கில் மாடு சுற்றுவது போல, ஃபை29 என்ற பாலிமரேஸ் வட்டத்தைச் சுற்றிச் சுற்றி எழுதிக்கொண்டே இருக்கும். 30 டிகிரியே போதும். வெண்டையில் மஞ்சள் நரம்புத் தேமல் நோயை உண்டாக்கும் வைரஸின் மரபுப்பொருள் இப்படி வட்டமானது. அத்தகைய பயிர் வைரஸ்களை ஆராய்பவர்களுக்கு இது மிகவும் பிடித்த கருவி. வைரஸின் எழுத்து வரிசை முன்கூட்டியே தெரியாவிட்டாலும் பெருக்க முடியும்.

கொரோனா போன்ற ஆர்.என்.ஏ. வைரஸ்களை லேம்ப் கண்டுபிடிக்குமா?

கண்டுபிடிக்கும். ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக மாற்றி எழுதும் நொதியை அதே டியூப்பில் சேர்த்துவிடுவார்கள். அப்போது பெயர் ஆர்.டி.-லேம்ப். ஆர்.பி.ஏ.வையும் இப்படி மாற்றிக்கொள்ளலாம்.

முடிவை எப்படிப் பார்ப்பது?

லேம்ப் விளைபொருளை அளவில்லாமல் குவிப்பதால் வெறும் கண்ணே போதுமான வழிகள் பல உண்டு. ஒவ்வொரு எழுத்து சேரும்போதும் பைரோபாஸ்பேட் வெளியேறும். அது மெக்னீசியத்தோடு சேர்ந்து வெள்ளையாகப் படியும், டியூப் கலங்கிப்போகும். இது மிகப் பழைய வழி. ஹைட்ராக்சிநாப்தால் ப்ளூ என்ற சாயத்தைப் போட்டால் ஊதா வானநீலமாகும். பீனால் ரெட் போட்டால் இளஞ்சிவப்பு மஞ்சளாகும், ஏனென்றால் எழுத்து சேரச் சேர ஹைட்ரஜன் அயனிகள் வெளியேறிக் கரைசல் அமிலமாகிறது.

ஆர்.பி.ஏ.வில் பெரும்பாலும் கர்ப்பப் பரிசோதனை அட்டை போன்ற பட்டையில் கோடு பார்ப்பார்கள், அல்லது ஒளிரும் சாயத்தைச் சிறு கருவியில் அளப்பார்கள்.

என் சொந்த விருப்பம், நிறத்தைவிட ஒளிரும் சாயம்தான். நிறம் என்பது பார்ப்பவரின் கண்ணையும் அறையின் விளக்கையும் பொறுத்தது. ஆரஞ்சாக நின்றுவிட்ட டியூப்பைச் சுற்றி நான்கு பேர் கூடி வாக்கெடுப்பு நடத்துவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

எச்சிலைச் சேர்த்த உடனேயே டியூப் மஞ்சளாகிவிட்டது. பாசிட்டிவ்வா?

இல்லை. பீனால் ரெட் அமிலத்தைத்தான் பார்க்கிறது, வைரஸைப் பார்ப்பதில்லை. எச்சில் அமிலமாக இருந்தால் பெருக்கம் தொடங்கும் முன்பே நிறம் மாறும். குளிர்பானம் குடித்துவிட்டு மாதிரி கொடுத்தவரிடம் இந்தக் கோளாறுக்கு வாய்ப்பு அதிகம். இதற்கு நேரெதிரான கோளாறும் உண்டு. மாதிரியோடு அமிலத்தன்மையை மாறவிடாமல் பிடித்துவைக்கும் டிரிஸ் போன்ற தாங்கல் கரைசல் நிறைய வந்துவிட்டால், பெருக்கம் நடந்தும் நிறம் மாறாது. ஆகவே சூடாக்கும் முன் எல்லா டியூப்களும் ஒரே இளஞ்சிவப்பாக இருக்கின்றனவா என்று பார்த்து, ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்ல பழக்கம்.

தண்ணீர் மட்டும் போட்ட கண்ட்ரோல் டியூப்பும் நிறம் மாறிவிட்டது. என்ன தவறு?

லேம்ப்பில் இறங்கியவர்கள் எல்லோரும் ஒருநாள் இங்கே வந்து நிற்கிறார்கள். காரணம் இரண்டில் ஒன்று.

முதலாவது, பிரைமர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு தம்மையே பெருக்கிக்கொள்வது. நான்கு, ஆறு என்று நீளமான பிரைமர்களை ஒரே டியூப்பில் அடைத்தால் இது நடக்கத்தான் செய்யும். பெரும்பாலும் இது தாமதமாக வரும். உண்மையான பாசிட்டிவ் 15, 20 நிமிடத்தில் எழும்பினால், இந்தப் போலி 40 நிமிடத்துக்கு மேல் தலைகாட்டும். அதனால்தான் கிட் தாளில் இத்தனை நிமிடத்தில் நிறுத்து என்று போட்டிருக்கிறார்கள். இன்னும் கொஞ்சம் வைத்துப் பார்க்கலாமே என்ற நப்பாசை கூடாது.

இரண்டாவது இன்னும் மோசமானது: பழைய விளைபொருள் காற்றில் பரவியிருப்பது. ஒரு கணக்குப் போடலாம். முடிந்த டியூப் ஒன்றில் நூறு கோடி நகல் இருக்கிறது. மூடியைத் திறக்கும்போது அதில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு தெறித்தாலும் ஆயிரம் நகல்கள் மேசையில் விழும். நாளை நீங்கள் தேடப்போவதோ பத்து நகலை. அந்த ஆயிரம் பைப்பெட்டில், கையுறையில், கதவுப்பிடியில் எல்லாம் உட்கார்ந்திருக்கும். பிறகு மாதக்கணக்கில் எல்லா மாதிரியும் பாசிட்டிவ்.

தீர்வு மிக எளிது, கடைப்பிடிப்பதுதான் கடினம். பெருக்கம் முடிந்த டியூப்பைத் திறக்காதீர்கள், ஒருபோதும். கலவை தயாரிக்க ஓர் அறை, மாதிரி சேர்க்க ஓர் அறை, சூடாக்க ஓர் அறை. அறைகள் இல்லாவிட்டால் தனித்தனி மேசை, தனித்தனி பைப்பெட். மேசையைப் பிளீச்சிங் கரைசலால் துடையுங்கள், ஸ்பிரிட் டி.என்.ஏ.வை அழிக்காது. கலவையில் டி.டி.டி.பி. என்ற எழுத்துக்குப் பதில் டி.யு.டி.பி. என்ற மாற்றெழுத்தைப் போட்டு, பழைய நகல்களை யு.டி.ஜி. நொதியால் முன்கூட்டியே அழிக்கும் ஏற்பாடும் உண்டு. உதவும், ஆனால் ஒழுங்கீனத்துக்கு மருந்தாகாது.

பி.சி.ஆரைவிட நுண்ணியதா, இல்லையா?

நல்ல பிரைமர் அமைந்தால் ஏறத்தாழ சமம். மிகக் குறைந்த எண்ணிக்கையில் பெரும்பாலும் ஒரு படி கீழே. மாதிரியில் உள்ள அழுக்கைத் தாங்குவதில் லேம்ப் ஒரு படி மேலே. ரத்தத்திலும் மண்ணிலும் உள்ள சில பொருள்கள் பி.சி.ஆரின் டாக் பாலிமரேஸை முடக்கிவிடும், பிஎஸ்டி அவற்றை ஓரளவு பொறுத்துக்கொள்ளும்.

ஆனால் எந்த முறையாலும் தாண்ட முடியாத ஓர் எல்லை இருக்கிறது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கே செல்லாது. பிரித்தெடுத்த 100 மைக்ரோலிட்டரில் வைரஸ் நகல் 20 இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 5 மைக்ரோலிட்டர் எடுத்துப் போடுகிறீர்கள். சராசரியாக ஒரு நகல் வரவேண்டும். ஆனால் நிகழ்தகவுப்படி நூற்றில் சுமார் 37 முறை ஒன்றுமே வராது. அந்த 37 டியூப்களில் உலகின் தலைசிறந்த நொதியும் நெகட்டிவ் என்றுதான் சொல்லும்.

எத்தனை வைரஸ் இருக்கிறது என்று எண்ணிச் சொல்லுமா?

நம்பும்படியாகச் சொல்லாது. இருக்கிறது, இல்லை என்பதற்குத்தான் லேம்ப். வைரஸ் அளவு தெரிய வேண்டிய சிகிச்சைகளுக்கு ரியல்-டைம் பி.சி.ஆர். போன்ற அளவிடும் முறைகளே பொருத்தம்.

காசநோய்க்கு எடுக்கும் ட்ரூநாட்டும் ஜீன்எக்ஸ்பெர்ட்டும் இந்த வகையா?

அல்ல. சிறிதாக, பெட்டி போல இருப்பதால் பலர் அப்படி நினைக்கிறார்கள். கோவாவில் உள்ள மோல்பயோ நிறுவனத்தின் ட்ரூநாட், சில்லில் நடக்கும் குட்டி பி.சி.ஆர். ஜீன்எக்ஸ்பெர்ட்டும் பி.சி.ஆர்.தான்.

காசநோய்க்கான சமவெப்பநிலை முறை டி.பி.-லேம்ப். நுரையீரல் காசநோயைக் கண்டறிய, சளியை மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதற்குப் பதிலாக இதைப் பயன்படுத்தலாம் என்று 2016இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. புற ஊதா விளக்கின் கீழ் டியூப் ஒளிர்கிறதா என்று கண்ணால் பார்த்தால் போதும். ஆனால் ரிஃபாம்பிசின் மருந்துக்குக் கிருமி கட்டுப்படுமா என்பதை அது சொல்லாது, ஜீன்எக்ஸ்பெர்ட் சொல்லும். மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய் அதிகமுள்ள நாட்டில் இது சிறிய குறை அல்ல. இந்தியாவில் டி.பி.-லேம்ப் பற்றி அதிகம் கேள்விப்படாததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

கோவிட் காலத்தில் இது எந்த அளவுக்குப் பயன்பட்டது?

அதுவரை ஆய்வுக்கட்டுரைகளிலேயே அதிகம் வாழ்ந்த இந்த முறைகள் கடைத்தெருவுக்கு வந்தது அப்போதுதான். 2020 மார்ச்சில் அமெரிக்காவில் அவசர அனுமதி பெற்ற அபாட் நிறுவனத்தின் ஐடி நவ் கருவி, நியர் வகையைச் சேர்ந்தது. பாசிட்டிவ் 5 நிமிடத்தில், நெகட்டிவ் 13 நிமிடத்தில். அதே ஆண்டு மே மாதமே, நெகட்டிவ் முடிவுகள் சில தவறாக இருக்கலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. எச்சரித்தது. வேகத்துக்கு விலை உண்டு.

2020 நவம்பரில், வீட்டிலேயே தானே செய்துகொள்ளும் முதல் மூலக்கூறுப் பரிசோதனையாக லூசிரா கிட் அனுமதி பெற்றது. கையடக்கமான ஆர்.டி.-லேம்ப், முடிவு 30 நிமிடத்தில். 2023 பிப்ரவரியில் அந்த நிறுவனம் திவால் மனு கொடுத்தது. அதே வாரத்தில் அதன் கோவிட்-ஃப்ளூ கூட்டு கிட்டுக்கு அனுமதியும் வந்து சேர்ந்தது. வேதியியல் தேறியது, வியாபாரம் தேறவில்லை.

நமக்குப் பக்கத்தில், திருவனந்தபுரத்தின் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனம் 2020 ஏப்ரலில் சித்ரா ஜீன்லேம்ப்-என் என்ற கிட்டை அறிவித்தது. வைரஸின் என் மரபணுவில் இரண்டு இடங்களைத் தேடும். கண்டறிதல் 10 நிமிடம் என்றும், மாதிரி எடுத்ததிலிருந்து முடிவு வரை 2 மணி நேரத்துக்குள் என்றும் சொன்னார்கள். இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். பெருக்கத்துக்கு 10 நிமிடம்தான். மிச்ச நேரத்தில் பெரும்பகுதி மாதிரியிலிருந்து ஆர்.என்.ஏ.வைப் பிரித்தெடுக்கும் வேலைக்குப் போகிறது.

அப்படியானால் மாதிரி தயாரிப்புதான் உண்மையான தடையா?

ஆம். விளம்பரங்கள் இதைப் பேசுவதில்லை. சளி கட்டியாக இருக்கும், அதைக் கரைக்க வேண்டும். காசநோய்க் கிருமியின் மெழுகுச் சுவரை உடைக்க வேண்டும், அதற்கு டி.பி.-லேம்ப்பிலும் மாதிரியை 90 டிகிரிக்குச் சூடாக்கத்தான் செய்கிறார்கள். பெருக்கத்தில் தவிர்த்த கொதிநிலை, தயாரிப்பில் பின்வாசல் வழியே வந்துவிட்டது. ஆர்.என்.ஏ. என்றால் இன்னொரு தொல்லை: நம் தோலிலும் எச்சிலிலும் உள்ள நொதிகள் அதைச் சில நிமிடங்களில் சிதைத்துவிடும். புதிய பெருக்க முறை ஒன்றைப் பற்றிப் படிக்கும்போது, மாதிரியை எப்படிக் கையாண்டார்கள் என்ற பத்தியை முதலில் படியுங்கள். சுத்திகரித்த டி.என்.ஏ.வில் மட்டும் செய்து காட்டியிருந்தால், பாதி வேலை இன்னும் மீதி இருக்கிறது.

ரத்த வங்கியில் சொல்லும் நாட் பரிசோதனை இதுதானா?

சில இடங்களில் இதுதான். நாட் என்பது நியூக்ளிக் அமிலப் பரிசோதனை என்பதன் பொதுப்பெயர். ரத்த வங்கிகளில் புழங்கும் கருவிகளில் ஒரு வகை பி.சி.ஆர்., இன்னொரு வகை டி.எம்.ஏ. இரண்டாவது, நாஸ்பாவின் உடன்பிறப்பு. எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் வைரஸ்களின் மரபுப்பொருளை ரத்தத்தில் தேடுகிறது. தொற்றிய உடன் உடல் எதிர்ப்பொருளை உருவாக்கச் சில வாரங்கள் ஆகும். அந்த இடைவெளியில் எதிர்ப்பொருள் பரிசோதனை நெகட்டிவ் காட்டும், வைரஸ் மட்டும் ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும். நாட் அந்த இடைவெளியைக் குறைக்கிறது, ஆனால் முழுதாக மூடுவதில்லை.

மலேரியாவுக்குப் பயன்படுமா?

மைக்ராஸ்கோப்பின் கண்ணுக்குச் சிக்காத அளவு குறைந்த ஒட்டுண்ணிகளையும் லேம்ப் பிடிக்கும். மலேரியா தலைவிரித்தாடும் ஊரில் இதன் அவசியம் குறைவு, காய்ச்சல்காரரின் ரத்தத்தில் ஒட்டுண்ணி ஏராளமாக இருக்கும். நோய் ஒழியப்போகும் ஊரிலும் ஒழிந்துவிட்ட ஊரிலும்தான் இதன் மதிப்பு கூடும். இலங்கையை எடுத்துக்கொள்ளுங்கள். உள்நாட்டில் தொற்றிய கடைசி நோயாளி 2012 அக்டோபரில் பதிவானார். 2016 செப்டம்பரில் மலேரியா அற்ற நாடு என்ற சான்றிதழ் கிடைத்தது. பரப்பும் அனாபிலிஸ் கொசு இன்னும் அங்கேதான் இருக்கிறது. காய்ச்சலே இல்லாமல் ஒட்டுண்ணியைச் சுமந்து வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கும் ஒருவரைக் கண்டுபிடிப்பதுதான் அத்தகைய நாட்டின் கவலை. அந்த வேலைக்கு ஏற்ற கருவி இது.

இறால் பண்ணைக்கு உதவுமா?

வெள்ளைப்புள்ளி நோய் நுழைந்தால் சில நாள்களில் குட்டையே காலியாகும் என்பது நாகப்பட்டினம் பக்கத்தில் பண்ணை வைத்திருப்பவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்த வைரஸுக்கான லேம்ப் முறை 2004லேயே வெளியாகிவிட்டது. குஞ்சு விடும் முன் பி.சி.ஆர். சான்று பார்ப்பது வழக்கமாகிவிட்டது, அதை விட்டுவிட வேண்டாம். லேம்ப், ஆர்.பி.ஏ. ஆகியவற்றின் இடம் அதற்குப் பிறகு, வளர்ப்பின் நடுவே. இறால் தீவனம் எடுக்காமல் கரையோரம் ஒதுங்கும் அன்று, மாதிரியை சென்னைக்கு அனுப்பிக் காத்திருக்காமல் பண்ணையிலேயே பார்த்துவிட முடிந்தால், அறுவடையா காத்திருப்பா என்ற முடிவை அன்றே எடுக்கலாம். ஒரே ஒரு இறாலை நசுக்கிப் பார்த்துவிட்டு நிம்மதி அடைய வேண்டாம், பானைச் சோற்றுக் கதை இங்கேயும் பொருந்தும்.

கிரிஸ்பர் பரிசோதனை என்கிறார்களே, அது வேறா?

அது பெருக்கம் அல்ல, பெருக்கியதைச் சரிபார்க்கும் காவல்காரன். 2017இல் வந்த ஷெர்லாக் முறையில் காஸ்13 என்ற நொதியும், 2018இல் வந்த டிடெக்டரில் காஸ்12 நொதியும், தேடும் எழுத்து வரிசையைக் கண்டதும் வெறி பிடித்தது போலச் சுற்றிலும் உள்ள துண்டுகளை வெட்டும். அந்தத் துண்டில் ஒளிரும் சாயத்தைக் கட்டி வைத்திருந்தால் டியூப் ஒளிரும். இரண்டிலுமே முதல் படி ஆர்.பி.ஏ.தான். பிரைமர்கள் தம்மைத்தாமே பெருக்கிக்கொண்ட போலி நகலை காஸ் நொதி பொருட்படுத்தாது என்பது பெரிய லாபம். நடுவில் டியூப்பைத் திறந்து காஸ் கலவையை ஊற்ற வேண்டியிருந்தால், அதே லாபம் மாசினால் போய்விடும்.

பாசிட்டிவ் என்று வந்துவிட்டது. முழுதாக நம்பலாமா?

யாரைச் சோதித்தீர்கள் என்பதைப் பொறுத்தது. உதாரணத்துக்கு ஒரு பரிசோதனை, நோயுள்ள 100 பேரில் 90 பேரைப் பிடிக்கிறது, நோயில்லாத 100 பேரில் ஒருவரை மட்டுமே தவறாகக் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு ஒருவருக்கே நோயுள்ள ஊரில் 1000 பேரைச் சோதித்தால், உண்மையான பாசிட்டிவ் 9, பொய்யான பாசிட்டிவ் சுமார் 10. அதாவது பாசிட்டிவ் வந்தவர்களில் பாதிப் பேருக்கு நோய் இல்லை. அறிகுறியோடு வந்தவர்களை மட்டும் சோதித்தால் இந்தக் கணக்கு தலைகீழாக மாறும். ஆகவே அறிகுறியே இல்லாதவருக்கு வந்த பாசிட்டிவ்வை வேறு முறையில் ஒருமுறை உறுதி செய்துகொள்வது முறை.

தெர்மாஸ் பிளாஸ்க்கில் வெந்நீர் ஊற்றியே செய்யலாம் என்கிறார்களே?

செய்யலாம், செய்தும் காட்டியிருக்கிறார்கள். சுண்ணாம்பில் நீர் பட்டால் எழும் சூட்டை வைத்து, மின்சாரமே இல்லாமல் இயங்கும் பெட்டி ஒன்றை பாத் என்ற அமெரிக்க அமைப்பினர் உருவாக்கினார்கள். சூடு கூடிவிடாமல் பார்த்துக்கொள்வதற்கு, குறிப்பிட்ட வெப்பநிலையில் உருகும் பொருள் ஒன்றைச் சுற்றிலும் வைத்தார்கள். அது உருகி முடியும் வரை வெப்பநிலை நகராது. நல்ல யோசனை. ஆனால் மின்சாரம் இல்லாத ஊரில் சூட்டைவிடக் குளிர்தான் பிரச்சினை. திரவ நொதியை மைனஸ் 20 டிகிரியில் வைத்திருக்க வேண்டும். உறைய வைத்து உலர்த்திய வில்லைகள் அறைச் சூட்டைத் தாங்கும், அவற்றுக்கு விலை கூடுதல்.

புதிதாகத் தொடங்குகிறேன். எந்த முறையைத் தேர்ந்தெடுப்பது?

கையில் வாட்டர் பாத் இருக்கிறது, டி.என்.ஏ. இலக்கு, எழுத்து வரிசை 200 எழுத்துக்கு மேல் மாறாமல் நிலையாக இருக்கிறது என்றால் லேம்ப். அடிப்படைக் காப்புரிமைகளின் காலம் பெரும்பாலும் முடிந்துவிட்டது, நொதி பலரிடம் கிடைக்கிறது, பிரைமர் வடிவமைக்க இலவச மென்பொருள் உண்டு. வேகமாக உருமாறும் வைரஸ் என்றால் எட்டு இடங்களும் மாறாமல் கிடைப்பது அரிது. அப்போது இரண்டே பிரைமர் கேட்கும் ஆர்.பி.ஏ.வைப் பாருங்கள். அதன் கலவை பிசுபிசுப்பாக இருக்கும், தொடங்கி நான்கு நிமிடம் கழித்து ஒருமுறை நன்றாகக் கலக்கிவிட மறந்தால் குறைந்த நகல்கள் தவறிப்போகும்.

லேம்ப் பிரைமரை ஒரே ஒரு தொகுதி மட்டும் வாங்காதீர்கள். மென்பொருள் முதலிடத்தில் காட்டுவது டியூப்பில் முதலிடம் பிடிப்பதில்லை. நான்கைந்து தொகுதி வாங்கி, ஒவ்வொன்றையும் தண்ணீர் கண்ட்ரோலோடு ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். எந்தத் தொகுதியின் தண்ணீர் டியூப் கடைசி வரை மாறாமல் நிற்கிறதோ, அதை எடுத்துக்கொண்டு மாதிரிகளுக்குப் போங்கள்.